சூளைக்குளத்துக் கொடுவாக்கள் தின்றது

டொளக்.

கவிழ்த்த சொம்பைத் தண்ணீருக்கடியில் சட்டென்று நிமிர்த்தினால் எழுமே, அப்படி ஒரு சத்தம். பின்னாலேயே இன்னொன்று, அதன் பின்னால் சேர்ந்தாற்போலப் பல. குளத்தின் மேல் மார்கழிப் பனி படுத்திருந்ததால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கொட்டகைக்குள் அரிவாள்மணையில் உட்கார்ந்து பொடிமீன் நறுக்கிக்கொண்டிருந்த தையல்நாயகி, கையை நிறுத்தாமல் காதை மட்டும் கரைப்பக்கம் வைத்தாள். கொடுவா இரை எடுக்கிற சத்தம்தான், சந்தேகமில்லை. ஆனால் போடவேண்டிய இரை இன்னும் அவள் முன்னால் கூடையில்தான் கிடந்தது.

அதற்குச் சற்று முன்புவரை கரையில் மரகதவல்லியும் பட்டம்மாளும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். முதல்நாள் சாயங்காலம் தீனி டப்பாவை மூடாமல் போனது யார், நாய் வாய் வைத்ததற்கு யார் பொறுப்பு என்பது வழக்கு. சத்தம் வந்ததும் இரண்டு பேரும் அடங்கிப் போனார்கள். பனிக்குள்ளிருந்து பட்டம்மாளின் குரல் மட்டும் வந்தது, அப்போதுதான் தூங்கி எழுந்தவள் குரல் மாதிரி.

"ஏங்க்கா, நாம எதுக்கு இங்க நிக்கிறோம்?"

"தெரியலையேடி. குளிருது, வா, டீ போட்டுக் குடிப்போம்."

அந்தக் குளம் பிறவிக் குளம் இல்லை. கீழமணல்வாயில் செங்கல் சூளை எரிந்த காலத்தில் மண் வெட்டி மண் வெட்டி உண்டான பள்ளம். சூளை அவிந்தபின் மழை வந்து அதை நிரப்பியது, நாணல் வந்து கரை கட்டியது, கடைசியில் மரகதவல்லி தலைவியாக இருந்த மகளிர் குழு வந்து குத்தகைக்கு எடுத்துக் கொடுவாக் குஞ்சு விட்டது. கொடுவா கடலுக்கும் ஆற்றுக்கும் பொதுவான மீன். உப்பில்லாத தண்ணீரிலும் சுகமாக வளரும். குஞ்சு கொண்டுவந்து விட்டவர் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்: "இது மத்த மீன் மாதிரி இல்லம்மா. அசையிற இரையாத்தான் இதுக்கு வேணும், அடியில வுழுந்தத மோந்தும் பாக்காது. மெல்லாது, அப்படியே முழுங்கும். தலையிலேர்ந்துதான் முழுங்கும், இல்லன்னா முள்ளு விரிஞ்சு தொண்டையில ஏறிக்கும். வயிறு காஞ்சா கூடப் பொறந்ததையே தின்னுடும். அதனால மறக்காம வலையப் போட்டு இழுத்து, பெருசத் தனியா சிறுசத் தனியா பிரிச்சுக்கிட்டே இருங்க."

பெண்கள் அப்படியே செய்தார்கள். விடியும்போதும் பொழுது சாயும்போதும் தகரத்தைத் தட்டி, துறைமுகத்தில் மனுஷர் வாங்காமல் ஒதுக்கிய பொடிமீனை நறுக்கிச் சுண்டி எறிந்தார்கள், வாரம் தவறாமல் வலை இழுத்தார்கள், மீனும் பளபளவென்று வெள்ளித் தகடாக வளர்ந்தது. கார்த்திகை மழை விட்டபின் என்ன நினைத்துக்கொண்டதோ, ஒருநாள் இரையைத் திரும்பிப் பார்க்காமல் நின்றுவிட்டது. ஜிலேபி மீனை உயிரோடு விட்டார்கள், இறாலை விட்டார்கள், தவளையைக் கட்டித் தொங்கவிட்டார்கள்; கொடுவாக்கள் விருந்துக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் சம்பந்தி மாதிரி வாயை மூடிக்கொண்டு நாணலுக்குள் நின்றன. அன்று பனிக்குள் கேட்ட சத்தம்தான் அவை அதற்குப் பிறகு முதல்முதலாக வாய் திறந்த சத்தம்.

பனி விலகியதும் தையல்நாயகி போய்ப் பார்த்தாள். மீன்களின் வயிறு உருண்டையாக இருந்தது. தீனி டப்பாவைப் பற்றி மரகதவல்லியிடம் கேட்டாள். "எந்த டப்பா?" என்றாள் மரகதவல்லி.

மீன் சண்டையைத் தின்கிறது என்று ஊருக்குப் புரிய நாளாகவில்லை, புரிந்தபின் அதிசயப்படவும் யாருக்கும் நேரமில்லை. மீனுக்குப் பசி என்றால் தீனி போடவேண்டும், தீனி இது என்றால் இதைப் போடவேண்டும், அவ்வளவுதானே. பட்டம்மாள் வீட்டுக்கு வீடு போய்ச் சொன்னாள்: "சண்டை போடறவங்க வூட்ல போட்டு வீணாக்காதீங்க, குளத்தங்கரைக்கு வந்து போடுங்க." வந்தார்கள். வரப்பை வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் மண்வெட்டியோடு வந்தார்கள், மாமியார் முன்னாலும் மருமகள் பின்னாலுமாக வந்தார்கள், கோயில் மாலையை முதலில் யார் கழுத்தில் போடுவது என்று வருஷக்கணக்காக முறைத்துக்கொண்டிருந்த இரண்டு தெருவும் ஒரே நாளில் வந்து நாணல் நடுங்கக் கத்தின, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் ரப்பருக்கும் பலப்பத்துக்கும் போட்ட சண்டையைக் குஞ்சுகள் இருந்த சின்னக் குட்டையில் போட்டுவிட்டுப் போயின. கத்தி முடிப்பதற்குள் தண்ணீர் பிளக்கும், வாய் திறக்கும், டொளக். அப்புறம் கரையில் நிற்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வந்ததுதான் வந்தோம் என்று கால் கழுவிக்கொண்டு போவார்கள்.

பழகப் பழகத் தீனியின் குணம் தெரிந்தது. மாமியார் மருமகள் சண்டை தினமும் கிடைக்கும்தான், ஆனால் அதையே போட்டால் மீனுக்கு வயிறு ஊதிக்கொள்ளும். வரப்புச் சண்டை தின்ற மீனின் சதை கெட்டிப்படும். புருஷன் பெண்டாட்டி சண்டையைப் பொழுது சாயும் நேரத்தில் போட்டால் கொடுவாவின் கண் தணல் மாதிரி சிவந்து மின்னும். கட்சிச் சண்டையை மட்டும் வாயில் வாங்கித் துப்பிவிடும், அது வேறு யாரோ மென்று கொடுத்தது என்று அதற்குத் தெரிந்துவிடும். நடிப்புச் சண்டை அடியில் போய் விழும், எடுக்காது. பழைய சண்டை என்றால் முதலில் சூடேற்றி, துள்ள வைத்து, அப்புறம்தான் போடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சண்டையைத் தலையிலிருந்து கொடுக்கவேண்டும். முதலில் என்ன நடந்தது என்று ஆரம்பிக்காமல், நடுவிலிருந்து எடுத்து "அன்னிக்கு என்னப் பாத்து என்ன சொன்னே நீ" என்று வீசினால் மீன் தொண்டை கிழிந்து மிதக்கும். அப்படி மிதந்தவற்றைப் பார்த்தபின் ஊரே நிதானமாக, ஆதியோடு அந்தமாகச் சண்டை போடக் கற்றுக்கொண்டது.

மீன் சண்டையை மட்டும் தின்னவில்லை, அது எந்த மண்ணில் முளைத்ததோ அந்த மண்ணையும் வேரோடு சேர்த்துத்தான் முழுங்கியது. மேலத்தெரு அக்காளும் தங்கையும் செத்துப்போன அம்மாவின் மூக்குத்திக்காகப் போட்ட சண்டையைக் கரையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தார்கள். உள்ளே ஒரு மூக்குத்தி. "இது யாருதுக்கா?" என்றாள் தங்கை. அக்காளுக்கும் தெரியவில்லை. உங்க அம்மா போட்டிருந்ததுடி என்று தெருவே சொல்லியும், ஒரு சின்ன சிவப்புக் கல்லைத் தவிர அவர்களுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊர் இதைக் கேட்டு, போகட்டும், சண்டை ஓய்ந்ததே பெரிது என்றது. தையல்நாயகி மட்டும் அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஏனென்றால் அவளிடம் ஒன்று இருந்தது.

அது ஊருக்கே தெரியும். அவள் புருஷன் சாம்பசிவம் சூளைக்கு நெருப்பு வைக்கிறவர். ஒரு பங்குனி மத்தியானம் அடுக்கி வைத்த செங்கல்லை எடுக்கக் கையை விட்டபோது இடுக்கிலிருந்து பாம்பு கொத்தியது. எதிர்வீட்டுக் கலியபெருமாள், சாம்பசிவத்துக்குச் சித்தப்பா மகன், தம்பி முறை, சின்ன லோடு வண்டி வைத்திருந்தான். போன் போட்டதும் "பந்தல் சாமான எறக்கிக்கிட்டு இருக்கேண்ணி, இந்தா, எறக்கிப் போட்டுட்டு வந்துடறேன்" என்றான். புருஷனும் பெண்டாட்டியும் ரோட்டோர மதகுக் கட்டையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அவன் இறக்கிப் போட்டுவிட்டு வந்தான். வந்தபோது வண்டிக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. அன்றிலிருந்து தையல்நாயகி அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, திட்டியதில்லை, மண்ணை வாரித் தூற்றியதும் இல்லை. எதிர்வீட்டு வாசலில் அந்த வண்டி நிற்கும், அவள் கோலம் போடுவாள், வண்டியைப் பார்ப்பாள், உள்ளே போவாள். கோபம் அவளுக்குள் சத்தமில்லாமல், தரம் பிரிக்காத குளத்தில் தனித்துத் தங்கிவிட்ட மீன் மாதிரி வளர்ந்துகொண்டே இருந்தது.

தை போய் மாசி வந்தது, ஊர் அமைதியானது. பஞ்சாயத்தார் உட்காரும் இடத்தில் ஆடு படுத்தது. டவுன் பஸ் ஊருக்குள் நிற்காமல் போனால், முன்பெல்லாம் குறுக்கே கட்டையைப் போட்டு மறிப்பவர்கள், இப்போது அடுத்த பஸ் வரும் என்று குடையை விரித்துக்கொண்டு நின்றார்கள். ரேஷன் கடையில் எடை குறைந்தால் பரவாயில்லைங்க என்றார்கள். டீக்கடையில் பேச ஒன்றுமில்லாமல் கண்ணாடி டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளத்தில் மட்டும் மீன் கை கொள்ளாமல் பெருத்தது. சித்திரையில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று வியாபாரி தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பெருத்த மீனுக்குப் பெரிய பசி. ஊரில் சண்டை தீர்ந்துகொண்டு வந்தது. பட்டம்மாள் ஒரு யோசனை செய்தாள். தன் பேரனுக்குக் காதுகுத்து வைத்து, வேண்டுமென்றே பாதிச் சொந்தத்துக்குப் பத்திரிகை வைக்காமல் விட்டாள். அது நன்றாகவே வேலை செய்தது. "எங்கள எப்படிடி வுட்டுட்டே, நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" என்று வேன் பிடித்து வந்து இறங்கிய ஒன்றுவிட்ட நாத்தனார்களையும் மச்சான்களையும், காப்பி கொடுத்து, நைச்சியமாகக் கரைக்கு அழைத்துப்போனாள். டொளக், டொளக், டொளக். வந்தவர்கள் மலர்ந்த முகத்தோடு பிரியாணி சாப்பிட்டு, பிள்ளைக்கு மொய் எழுதிவிட்டுத் திரும்பினார்கள். ஆனால் ஒரு பேரனுக்கு இரண்டு காதுதானே. மற்றவர்களும் இதே போல விசேஷம் வைத்து வைத்து, பங்குனி பிறந்தபோது கீழமணல்வாய்ச் சொந்தங்கள் யாருக்கும் கோபமே வராமல் போய்விட்டது. கூப்பிடாவிட்டால் சரி, மறந்திருப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள்.

வலை இழுத்தபோது வால் கடிபட்ட மீன் வந்தது. அடுத்த தடவை பாதி உடம்பு வந்தது. மீன் போனால் குத்தகை போகும், குளத்தைத் தூர்த்து மனை போட ஆள் காத்திருந்தான், குழுவிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் மறுபடி யாரோ ஒருவருடைய இறால் பண்ணைக்குத் தலை உரிக்கப் போகவேண்டியதுதான். தையல்நாயகியும்தான்.

அந்த வாரத்தில் ஒருநாள் கலியபெருமாள் தனியாகக் கரைக்கு வந்ததைத் தையல்நாயகி கொட்டகைக்குள்ளிருந்து பார்த்தாள். அவன் தண்ணீரைப் பார்த்து நின்று, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, மெதுவாக ஏதோ பேசினான். பந்தல், தட்டு, நாற்காலி என்று இரண்டொரு வார்த்தைதான் அவள் காதில் விழுந்தது. நெஞ்சில் அடித்துக்கொண்டான். குளம் அசையவில்லை. குற்ற உணர்ச்சி கொடுவாவுக்கு ஆகாத தீனி போலிருக்கிறது. அது அடியில் போய் விழுந்துவிடுகிறது. அவன் திரும்பிப் போனான். அவள் அரிவாள்மணையைக் கழுவிச் சாத்தினாள்.

மறுநாள் விடிந்ததும் மரகதவல்லி வந்தாள், கூடப் பட்டம்மாள், பின்னால் குழு முழுக்க.

"தையலு, எனக்கு ஒரு யோசனை தோணுது. சொன்னா வெசனப்படக் கூடாது," என்றாள் மரகதவல்லி.

"சொல்லுக்கா."

"உங்கிட்ட ஒன்னு இருக்குல்ல."

தையல்நாயகி அரிவாள்மணையை ஓரமாக நகர்த்தினாள்.

"அத வச்சுக்கிட்டு நீ என்னடி பண்ணப் போற? உன்னத்தான் உள்ள உக்காந்து அரிக்குது. போட்டேன்னு வச்சுக்க, சித்திரை வரைக்கும் குளம் தாங்கும். உனக்கும் பாரம் எறங்கும்."

"எத்தன வருசம் சொமந்த தீனி! அதத் தின்ன ஒரு மீன வித்தா ரெண்டு பொண்ணுக் கல்யாணம் நடத்தலாம்," என்றாள் பட்டம்மாள்.

"வாய மூடுடி. இவ ஒருத்தி, கருமாதியிலயும் கச்சேரி வைப்பா."

தையல்நாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு எழுந்து கரைக்கு நடந்தாள். கொடுக்கலாம் என்றுதான் நடந்தாள். இவர்கள் முகத்தைப் பார்த்தபின் கொடுக்காமல் இருக்க அவளுக்கு மனம் வரவில்லை. பெண்கள் வரிசையாக ஒதுங்கி நின்றார்கள். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது.

தலையிலிருந்து ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு அவரு காலையிலேயே சோறு வேணாம்னுட்டாரு. வெயில் ஏறுமுன்ன கல்ல எறக்கிடணும்னு போனாரு. வேலியோரமா நடந்து போனாரு…"

இதுவரை நாணலை விட்டு வெளியே வராத பெருமீன்களெல்லாம் வந்தன. ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, தலை அவள் பக்கம், வால் நடுக்குளத்துப் பக்கம், நூல் பிடித்த மாதிரி வரிசையாக நின்றன, கண் சிவந்தது. அவள் பாம்பைச் சொன்னாள், போனைச் சொன்னாள், மதகுக் கட்டைக்கு வந்தாள். அங்கே வந்ததும் அவள் குரல் தழைந்தது. ஏனென்றால் மதகுக் கட்டையில் இருந்தது கோபம் மட்டும் இல்லை. அந்தக் கட்டையில் அவர் அவள் தோளில் சாய்ந்திருந்தார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் ரோட்டில் நாலு பேர் பார்க்க அவர் அப்படிச் சாய்ந்தது அன்றைக்குத்தான். எதிரே வயலில் கொக்கு நின்றதைக் காட்டினார். "இத பாரு, ஒத்தக் கால்ல நிக்குது, நாம வண்டிக்கு நிக்கிற மாதிரி" என்றார். நாக்கு குழறியது, ஆனாலும் சிரித்தார். வண்டி சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். வராததால் அந்தக் காத்திருப்பு அவளுக்குக் கிடைத்தது. அவர் அவளுக்கென்று மட்டும் இருந்த கடைசிப் பொழுது அதுதான். கோபத்தின் முதுகெலும்பில் அந்தப் பொழுது சதையாக ஒட்டியிருந்தது. பிரித்தெடுக்க எந்த அரிவாள்மணையாலும் ஆகாது.

"கட்டையில துண்ட விரிச்சு உக்கார வச்சேன்," என்றாள்.

முன்னால் நின்ற மீன் வாயைத் திறந்தது. டொளக் என்றுகூட இல்லை, ஒரு சின்ன உறிஞ்சல், அவ்வளவுதான். அவள் கண்ணுக்குள் விரிந்திருந்த துண்டு போய்விட்டது. என்ன நிறம்? கரை போட்டதா, போடாததா? அவர் உட்கார்ந்திருந்தார், கொக்கு நின்றது, அடியில் துண்டு இருந்த இடம் வெறும் சிமெண்டாக இருந்தது.

தையல்நாயகி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு, "மாட்டேன்," என்றாள்.

"என்னாது?"

"நான் போட மாட்டேன்க்கா. எது வேணா கேளுங்க, இது வேணாம்."

முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும், வருஷக் கணக்கில் இல்லாவிட்டாலும் வாரக் கணக்கில் அந்த ஊரில் காணாமல் போயிருந்த ஒன்று மரகதவல்லியின் கழுத்து நரம்பில் ஏறியது.

"மாட்டியா? இத்தன பொம்பளைங்க வயித்துல அடிச்சிட்டு மாட்டேங்கிறியா? குளம் போச்சுன்னா நீ மட்டும் எங்கடி போயி நிப்பே?"

"புருசனுக்குத்தான் இவ ஆவலை, ஊருக்காவது ஆவுறாளா பாரு!"

"அழுத்தக்காரி! கல்லு! வாயத் தொறக்குறாளா பாரு!"

எல்லோரும் கத்தினார்கள். ஒருத்தி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். ஒருத்தி மண்ணைக் காலால் எத்தினாள். சூடான, துள்ளுகிற, தலையும் வாலும் முழுசாக இருக்கிற கோபம். தையல்நாயகிக்காக வரிசை கட்டியிருந்த மீன்கள் அப்படியே திரும்பின. தண்ணீர் நாலா பக்கமும் பிளந்தது. டொளக், டொளக், டொளக், டொளக் என்று குளம் கொதிக்கிற உலை மாதிரி சத்தம் போட்டு, பிறகு அடங்கியது.

பெண்கள் மூச்சு வாங்க நின்றார்கள். பட்டம்மாள் தன் கையிலிருந்த மண்கட்டியைப் பார்த்தாள், கீழே போட்டுக் கையைத் தட்டினாள்.

"தையலு, டீ குடிச்சியா?" என்றாள் மரகதவல்லி, அன்போடு.

"இல்லக்கா."

"வா, போடறேன்."

மறுநாள் மீனுக்கு மறுபடி பசித்தது. விடிந்ததும் மரகதவல்லி கொட்டகைக்கு வந்தாள், பின்னால் குழு.

"தையலு, எனக்கு ஒரு யோசனை தோணுது. சொன்னா வெசனப்படக் கூடாது."

தையல்நாயகி அவள் முகத்தைப் பார்த்தாள். புத்தம்புதிதாக இருந்தது. நேற்றுக் கேட்டதையும் மீன் தின்றுவிட்டது என்று தையல்நாயகிக்குப் புரிந்தது. அரிவாள்மணையைச் சாத்திவிட்டு எழுந்து, அவர்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனாள், தண்ணீருக்கு முன்னால் நின்றுகொண்டு, "மாட்டேன்க்கா," என்றாள்.

பங்குனி முழுக்க இப்படியே நடந்தது. தினமும் கேட்டார்கள், தினமும் மறுத்தாள், தினமும் ஊர்ப் பெண்கள் அவளை வாயில் வந்தபடி ஏசினார்கள், மீன் தின்றது, அவளுக்கு டீ கிடைத்தது. பதிலுக்கு அவள் ஒரு வார்த்தை சொல்வதில்லை. சொன்னால் அதுவும் சண்டையாகிவிடும், இழுத்துக்கொண்டு எது எது போகுமோ. ஆகவே புருஷனைத் தின்னவள் என்பதையும், பிள்ளையில்லாத திமிர் என்பதையும், இன்னும் இங்கே எழுத முடியாததையும் கேட்டுக்கொண்டு நின்றாள். சொன்னவர்கள் மறந்தார்கள், அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. மத்தியானம் அதே வாய்கள் அவளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தன, பேன் பார்த்தன, உனக்கு என்னடி, இப்படி எளச்சுப் போயிட்டே என்று கவலைப்பட்டன. வால் கடிபட்ட மீன்களுக்குப் புது வால் முளைத்தது. இரவில் பாயில் படுத்துக்கொண்டு அவள் மதகுக் கட்டைக்குப் போவாள். அவர் இருப்பார், கொக்கு இருக்கும். துண்டுதான் இல்லை.

சித்திரை பிறந்தது. வியாபாரி வருவதற்கு முன்னால் கடைசியாக ஒருதடவை தரம் பிரிக்கவேண்டியிருந்தது. அன்று விடியற்காலைச் சண்டை முடிந்து பெண்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். தையல்நாயகி வலையைக் கரையில் விரித்து, மிதப்பு மட்டைகளையும் ஈயக் குண்டுகளையும் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ நின்றார்கள்.

"அண்ணி."

அந்தக் குரலைத் தனக்கென்று அவள் கேட்டு வெகுகாலமாகிவிட்டது. திரும்பவில்லை. ஈயக் குண்டை விரலால் நகர்த்தினாள்.

"அண்ணி, தெனமும் நான் வூட்டு வாசல்லேர்ந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவ்ளோ பேச்சு வாங்குறீங்க. எதுக்கு? எம்மேல இருக்குற ஒரு கோவத்த வச்சுக்கிறதுக்கா?"

அவள் அடுத்த குண்டுக்குப் போனாள்.

"பேசுங்க அண்ணி. ஒரு வார்த்த பேசுங்க." கலியபெருமாளின் குரல் உடைந்து, உடைந்த இடத்திலிருந்து உரத்தது. "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அந்தத் தட்டையும் நாற்காலியையும் அப்படியே ரோட்ல சாய்ச்சிட்டு ஓடியாந்திருக்கணும் நான். ஓடியாரல. பந்தக்காரன் திட்டுவானேன்னு எறக்கிக்கிட்டு நின்னேன். அன்னிக்கு நீங்க என்னைச் செருப்பால அடிச்சிருந்தா நான் மனுசனா இருந்திருப்பேன். ஒரு தடவ திட்டித் தொலைச்சிருக்கலாம்ல! தெனமும் கோலத்தப் போட்டுட்டு வண்டியப் பாத்துட்டுப் போறியே, எத்தன வருசம், என்ன பொம்பள நீ! எங்க அண்ணன் உனக்கு மட்டுமா செத்தாரு? எனக்குச் சாவலையா? அழக்கூட வுடலையே நீ என்னை!"

அப்போதுதான் அவள் திரும்பினாள். நரைத்த மீசை துடிக்க நின்றிருந்தான். அவன் காலடியில், கரையை ஒட்டி, காலைத் தீனி தின்ற மீன்களே மறுபடி வந்து வரிசை கட்டியிருந்ததை அவள் பார்த்தாள். போய்யா, தள்ளிப் போ, தண்ணியை விட்டுத் தள்ளிப் போ என்று கத்த வாயெடுத்தாள். அதற்குள் நடுவில் நின்றது, எல்லாவற்றிலும் பெரியது, வாயைத் திறந்தது.

அந்தச் சத்தத்தில் நாணலிலிருந்த குருவிகள் எழுந்து பறந்தன.

கலியபெருமாள் கண்ணைச் சிமிட்டினான். மீசை துடிப்பது நின்றது. நெற்றியில் இருந்த இரண்டு கோடும் அழிந்து, பத்துப் பன்னிரண்டு வயதில் எப்படி இருந்திருப்பான் என்று தெரிகிற மாதிரி முகம் துடைத்துவிட்டாற்போல் ஆனது. குளத்தைப் பார்த்தான், வலையைப் பார்த்தான், வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு சூளை இருந்த மேட்டுப்பக்கம் பார்த்தான்.

"என்ன அண்ணி, தனியா வலை கட்டுறீங்க? அண்ணன் எங்க?"

தையல்நாயகி அவனைப் பார்த்தாள். சொல்லவேண்டியது முழுவதும் தொண்டைக்குள் வந்து, தலை முன்னாலும் முள் பின்னாலுமாக, சொல்லச் சரியான வாக்கில் நின்றது. இத்தனை வருஷம் இதை யாரிடம் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தாளோ அவன் கண்ணெதிரே நின்று கேட்கிறான். அதைக் கேட்டால் அந்த முகம் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் தினமும் காலையில் கோலம் போடும்போது எதிர்வீட்டு வாசலில் பார்க்கிற முகம்தான் அது.

தூரத்தில் பட்டம்மாள் எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அப்பறம் சொல்றேன்," என்றாள் தையல்நாயகி. "வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அந்த முனையப் புடி. ஆள் வர்றதுக்குள்ள பெருசையும் சிறுசையும் பிரிச்சாவணும்."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு எதிர்க்கரைக்குச் சுற்றிப் போனான். வலையின் முனையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். இந்தப் பக்கம் அவள் இறங்கினாள்.

"இழுக்கட்டுமா அண்ணி?"

"மெதுவா இழு. அடி தூக்காம."

இழுத்தார்கள்.